கம்பனி இணைப்புகளும் கையேற்றல்களும்: மாறிவந்த நியமங்களும் நன்மதிப்பின் கணக்கீடும்

"கொள்வனவு செய்த நன்மதிப்பை அதன் பயன்தரு காலத்தில், பொதுவாக 20 ஆண்டுகளுக்கு மேற்படாது, பதிவழிக்க வேண்டும்." 2000 ஆம் ஆண்டில் சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 22 பற்றிய வினாவுக்கு இது சரியான விடை. இன்று முழு நியமங்களைப் பின்பற்றும் ஒரு பொதுக் கம்பனியைப் பற்றிக் கேட்டால் இதே விடை பிழையானது. சிறிய, நடுத்தர நிறுவனமொன்றைப் பற்றிக் கேட்டால் பதிவழிக்க வேண்டும் என்பது சரி, 20 ஆண்டு என்பது பிழை.

ஒரே வசனம் ஓரிடத்திற் சரியாகவும் இன்னோரிடத்திற் பிழையாகவும் இருப்பதால் மாணவர் பலர் இப்பகுதியைக் கண்டு அஞ்சுகின்றனர். பழைய குறிப்புக்களை மனனம் செய்தவர்களுக்கு அச்சம் இருப்பது இயல்பே. ஆனால் நியமங்கள் ஏன் மாறின என்ற காரணத்தை விளங்கிக் கொண்டால் எந்த ஆண்டில் எது பொருந்தும் என்பது தானாகவே நினைவில் நிற்கும். ஆகவே இக்கட்டுரையில் காரணத்தையும் கணிப்பையும் சேர்த்தே பார்ப்போம்.

1. அடிப்படைச் சொற்கள்

ஒரு கம்பனி இன்னொரு வணிகத்தின் மீது கட்டுப்பாட்டைப் பெறும் கொடுக்கல்வாங்கல் வணிக இணைப்பு எனப்படும். இது பல வடிவங்களில் நிகழலாம்.

(அ) 'அ' கம்பனி 'ஆ' கம்பனியின் பங்குகளிற் பெரும்பான்மையை வாங்குதல். இங்கு 'ஆ' தொடர்ந்து இயங்கும். 'அ' தாய்க் கம்பனி, 'ஆ' துணைக் கம்பனி. ஒன்றிணைந்த நிதிக்கூற்றுக்கள் தயாரிக்கப்படும்.
(ஆ) 'ஆ' வின் சொத்துக்களையும் பொறுப்புக்களையும் 'அ' பொறுப்பேற்க, 'ஆ' இல்லாமற் போதல்.
(இ) இரு கம்பனிகளும் சேர்ந்து ஒரே கம்பனியாதல்.

சட்ட வடிவம் எதுவாக இருப்பினும் கணக்கீட்டில் கேட்கப்படும் முதற் கேள்வி ஒன்றுதான்: கட்டுப்பாடு யார் கைக்குப் போனது? பத்திரிகைகள் "இணைப்பு" என்று எழுதினாலும், இரு தரப்பும் கைகுலுக்கிப் படம் எடுத்துக் கொண்டாலும், அநேகமாக எல்லாச் சந்தர்ப்பங்களிலும் ஒருவர் மற்றவரைக் கையேற்றவராகவே இருப்பார். 'வடிவத்திலும் பார்க்கச் சாராம்சமே முக்கியம்' என்ற எண்ணக்கருவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வாங்கப்பட்டது ஒரு வணிகம்தானா என்பதையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். வெறுங் கட்டடம் ஒன்றை வாங்கினால் அது சொத்துக் கொள்வனவு மட்டுமே. அங்கு நன்மதிப்பு தோன்றாது. உள்ளீடுகளும், வெளியீட்டை உண்டாக்க உதவும் முக்கியமான செயன்முறை ஒன்றும் சேர்ந்திருந்தாலே அது வணிகமாகும். இவ்வரைவிலக்கணம் 2018 இல் திருத்தப்பட்டு 2020 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

2. பழைய இரு முறைகள்

2001 வரை ஐக்கிய அமெரிக்காவில் 1970 இல் வெளியான விதிகளின்படி இரு முறைகள் இருந்தன.

முதலாவது, அக்கறைகளை ஒன்றுசேர்க்கும் முறை. இரு கம்பனிகளின் பங்குதாரரும் பங்குகளைப் பரிமாறி ஒன்றாகிவிட்டனர், எவரும் எவரையும் வாங்கவில்லை என்று கருதி, இருவரது ஏட்டுப் பெறுமதிகளையும் அப்படியே கூட்டுவதாகும். நியாயப் பெறுமதி கணிக்கப்படாது. நன்மதிப்பு தோன்றாது.

இரண்டாவது, கொள்வனவு முறை. ஒருவர் மற்றவரை வாங்கினார் என்று கருதி, வாங்கிய சொத்துக்களையும் பொறுப்புக்களையும் நியாயப் பெறுமதியிற் பதிந்து, மிகுதியை நன்மதிப்பாகக் காட்டுவதாகும். அந்நன்மதிப்பு 40 ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற் பதிவழிக்கப்பட்டது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தாற் காண்போம்.

உதாரணம் 1
'ஆ' கம்பனியின் ஏட்டுப் பெறுமதிகள் (ரூபா மில்லியன்):
காணி கட்டடம் 30, பொறி 12, இருப்பு 8, வருமதிகள் 6, காசு 4. மொத்தச் சொத்து 60.
வங்கிக் கடன் 18, கடன்கொடுத்தோர் 7. மொத்தப் பொறுப்பு 25.
ஆகவே தேறிய சொத்து 35.

மேலதிகத் தகவல்கள்:
(i) காணி கட்டடத்தின் நியாயப் பெறுமதி 39.
(ii) ஏடுகளிற் பதியப்படாத வர்த்தகக் குறி ஒன்றின் நியாயப் பெறுமதி 6.
(iii) 'ஆ' வுக்கு எதிரான வழக்கொன்றினால் உள்ள நிகழத்தக்க பொறுப்பின் நியாயப் பெறுமதி 2. இது கடந்தகால நிகழ்வொன்றினால் ஏற்பட்ட கடப்பாடாகும்.
(iv) ஏனையவற்றின் நியாயப் பெறுமதி ஏட்டுப் பெறுமதிக்குச் சமன். வரியின் தாக்கத்தைப் புறக்கணிக்குக.

'அ' கம்பனி தனது 8 மில்லியன் பங்குகளை வழங்கி 'ஆ' வை முழுமையாகப் பொறுப்பேற்றது. அன்று 'அ' வின் பங்கொன்றின் சந்தை விலை ரூபா 10. ஆகவே கொடுத்த பெறுமதி 80.

தேறிய சொத்தின் நியாயப் பெறுமதி = 35 + 9 + 6 − 2 = 48
நன்மதிப்பு = 80 − 48 = 32

கொள்வனவு முறையில் 'அ' வின் ஏட்டில் வரும் பதிவு:
வரவு: காணி கட்டடம் 39, பொறி 12, இருப்பு 8, வருமதிகள் 6, காசு 4, வர்த்தகக் குறி 6, நன்மதிப்பு 32 (கூட்டு 107)
செலவு: வங்கிக் கடன் 18, கடன்கொடுத்தோர் 7, வழக்கு தொடர்பான பொறுப்பு 2, கூறப்பட்ட மூலதனம் 80 (கூட்டு 107)

ஒன்றுசேர்க்கும் முறையிலோ 60 சொத்தும் 25 பொறுப்பும் மட்டும் வரும். தேறிய சொத்து 35. அவ்வளவுதான்.

இனி 'ஆ' ஆண்டொன்றுக்கு 10 மில்லியன் இலாபம் உழைக்கிறது என்று கொள்வோம். நியாயப் பெறுமதி உயர்வால் ஏற்படும் மேலதிகப் பெறுமானத் தேய்வை இலகுவுக்காக விட்டுவிடுவோம்.

ஒன்றுசேர்க்கும் முறை: இலாபம் 10, முதலீடு 35, விளைவு வீதம் 28.6%.
கொள்வனவு முறை, 20 ஆண்டுப் பதிவழிப்பு: இலாபம் 10 − 1.6 = 8.4, முதலீடு 80, விளைவு வீதம் 10.5%.

வணிகம் அதுவே. கொடுத்த விலையும் அதுவே. காசு ஒரு சதமேனும் கூடவோ குறையவோ இல்லை. ஆயினும் ஒரு முகாமையாளர் மிகத் திறமைசாலியாகவும் மற்றவர் சாதாரணமானவராகவும் தோன்றுகிறார். எழுதும் முறை மாத்திரமே வேறு.

இன்னொரு விடயமும் உண்டு. நிதியாண்டின் கடைசி மாதத்தில் இணைப்பு நடந்தாலும் ஒன்றுசேர்க்கும் முறையில் 'ஆ' வின் முழு ஆண்டு இலாபமும் சேர்க்கப்படும். கொள்வனவு முறையில் கையேற்ற திகதிக்குப் பின்னரான இலாபம் மாத்திரமே சேரும்.

எனவே முகாமையாளர்கள் முதலாவது முறையையே விரும்பினர். 1991 இல் ஏ.டி. அன்ட் டி. கம்பனி, என்.சி.ஆர். கம்பனியைச் சுமார் 7.5 பில்லியன் டொலருக்குக் கையேற்றபோது, இந்த முறையைப் பயன்படுத்தும் தகுதியைப் பெறுவதற்காகவே மேலதிக விலை கொடுக்க முன்வந்தது. கணக்கு அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பங்குதாரரின் உண்மையான பணம் செலவாயிற்று. 1998 இல் டைம்லர் பென்ஸ், கிறைஸ்லர் இணைப்பும் இம்முறையிலேயே கணக்கிடப்பட்டது.

பிரித்தானியாவில் வேறொரு வழி இருந்தது. அங்கு 1998 வரை நன்மதிப்பை நேரடியாக ஒதுக்கங்களுக்கு எதிராகப் பதிவழிக்க அனுமதி இருந்தது. இலாபநட்டக் கணக்கை அது தொடவே இல்லை.

3. மாற்றங்களின் வரலாறு

கீழ்வரும் ஆண்டுகளை வரிசையாக நினைவிற் கொள்க.

1993: திருத்தப்பட்ட சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 22, நன்மதிப்பைச் சொத்தாகப் பதிந்து பதிவழிக்கக் கோரியது. 1998 திருத்தத்தில் 20 ஆண்டு என்பது சாதாரண எல்லையாக வந்தது.
2001 யூன்: அமெரிக்க நியமங்கள் 141 உம் 142 உம் வெளியாயின. ஒன்றுசேர்க்கும் முறை ஒழிக்கப்பட்டது. நன்மதிப்பின் பதிவழிப்பும் நிறுத்தப்பட்டு, பெறுமான இழப்புச் சோதனை கொண்டுவரப்பட்டது.
2004 மார்ச்: சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 3 வெளியானது. உலக மட்டத்திலும் ஒன்றுசேர்க்கும் முறை நீங்கியது. பதிவழிப்பு நின்று ஆண்டுதோறும் சோதனை வந்தது.
2008 சனவரி: நியமம் 3 திருத்தப்பட்டது. 2009 யூலை 1 அல்லது அதன் பின்னர் தொடங்கும் ஆண்டுகளுக்குப் பொருந்தியது. 'கொள்வனவு முறை' என்ற பெயர் 'கையேற்றல் முறை' ஆனது.
2012 சனவரி 1: இலங்கை நியமங்கள் சர்வதேச நியமங்களுடன் ஒருங்கிணைந்தன. பழைய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 25 இன் இடத்துக்கு இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 3 (எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 3) வந்தது. பெறுமான இழப்புக்கு எல்.கே.ஏ.எஸ். 36 பொருந்தும்.

இலங்கையில் நியமங்களை ஏற்று வெளியிடும் அதிகாரம் 1995 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டத்தின் கீழ் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்துக்கு உரியது.

4. இன்றைய கையேற்றல் முறை: நான்கு படிகள்

படி 1: கையேற்பவர் யார் என இனங்காணல்.
படி 2: கையேற்ற திகதியைத் தீர்மானித்தல். கட்டுப்பாடு கைமாறிய நாளே அது. ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அல்ல.
படி 3: இனங்காணத்தக்க சொத்துக்களையும் பொறுப்புக்களையும் அத்திகதியின் நியாயப் பெறுமதியில் அளவிடல். கட்டுப்பாடற்ற உரித்தையும் அளவிடல்.
படி 4: நன்மதிப்பை அல்லது மலிவுக் கொள்வனவின் இலாபத்தைக் கணித்தல்.

சூத்திரம்:
நன்மதிப்பு = கொடுத்த பெறுமதி + கட்டுப்பாடற்ற உரித்து + முன்னரே வைத்திருந்த பங்குகளின் நியாயப் பெறுமதி − இனங்காணத்தக்க தேறிய சொத்தின் நியாயப் பெறுமதி

உதாரணம் 2
மேலே கூறிய அதே 'ஆ' கம்பனியின் 80% பங்குகளை 'அ' கம்பனி ரூபா 60 மில்லியன் காசுக்கு வாங்கியது எனக் கொள்க. சட்டத்தரணி, மதிப்பீட்டாளர் கட்டணம் 1.5 மில்லியன். கட்டுப்பாடற்ற உரித்தின் நியாயப் பெறுமதி 14 மில்லியன்.

வழி 1: கட்டுப்பாடற்ற உரித்தை நியாயப் பெறுமதியில் அளவிடல்
60 + 14 − 48 = 26 மில்லியன்

வழி 2: தேறிய சொத்தில் அவர்களது விகிதசமப் பங்கில் அளவிடல்
கட்டுப்பாடற்ற உரித்து = 48 × 20% = 9.6
60 + 9.6 − 48 = 21.6 மில்லியன்

இரு வழிகளும் நியமத்தால் அனுமதிக்கப்பட்டவை. முதலாவது வழியில் சிறுபான்மைப் பங்குதாரருக்குரிய நன்மதிப்பும் (4.4 மில்லியன்) சேர்ந்து காட்டப்படுகிறது. வித்தியாசம் அவ்வளவே. வினாவில் எந்த வழி குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை முதலில் வாசிக்க.

கட்டணம் 1.5 மில்லியன் எங்கே போகும்? 2004 நியமத்தின்படி அது கிரயத்துடன் சேர்க்கப்பட்டது. அப்போது நன்மதிப்பு 61.5 − (48 × 80%) = 23.1 மில்லியன். 2008 திருத்தத்தின் பின்னர் அது அக்காலப்பகுதியின் செலவு. காரணம் யாதெனில், சட்டத்தரணிக்குக் கொடுத்த பணத்தால் 'ஆ' வின் பெறுமதி ஒரு ரூபாவேனும் கூடவில்லை.

எதிர்கால இலாப இலக்கை எட்டினால் மேலும் பணம் தருவதாக 'அ' வாக்களித்திருந்தால், அவ்வாக்குறுதியின் நியாயப் பெறுமதியும் கையேற்ற திகதியிலேயே கொடுத்த பெறுமதியுடன் சேர்க்கப்படும். அது காசாகத் தீர்க்க வேண்டிய பொறுப்பாயின், இலக்கு எட்டப்பட்டதா என்பது போன்ற பின்னைய நிகழ்வுகளால் வரும் மாற்றங்கள் இலாபநட்டத்துக்குச் செல்லும். நன்மதிப்பைத் திருத்தக்கூடாது.

மலிவுக் கொள்வனவு: தேறிய சொத்து 48 ஐக் கொண்ட வணிகம் முழுமையாக 40 மில்லியனுக்கு வாங்கப்பட்டால், 8 மில்லியன் வித்தியாசம் முன்னர் 'மறை நன்மதிப்பு' எனப்பட்டது. இன்று முதலில் எல்லா அளவீடுகளையும் மீளச் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரும் வித்தியாசம் இருந்தால் கையேற்ற திகதியிலேயே இலாபமாகக் காட்ட வேண்டும்.

5. பெறுமான இழப்புச் சோதனை

நன்மதிப்பைத் தனியே விற்க முடியாது. தனியே காசு உழைக்கவும் அதனால் இயலாது. ஆகவே அது காசு பிறப்பிக்கும் அலகு ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டு, அலகு முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்கப்படும். இழப்புக்கான அறிகுறி தென்பட்டால் இடையிலும் சோதிக்க வேண்டும்.

மீளப்பெறத்தக்க தொகை = பின்வரும் இரண்டில் உயர்ந்தது:
(அ) விற்பனைச் செலவு கழித்த நியாயப் பெறுமதி
(ஆ) பயன்பாட்டுப் பெறுமதி, அதாவது எதிர்காலக் காசுப் பாய்ச்சல்களின் இற்றைப் பெறுமதி

உதாரணம் 3
உதாரணம் 1 இல் வாங்கிய 'ஆ' அலகின் ஏனைய தேறிய சொத்துக்கள் இரு ஆண்டுகளின் பின் 44. நன்மதிப்பு 32. ஏட்டுப் பெறுமதி 76. விற்பனைச் செலவு கழித்த நியாயப் பெறுமதி 55. பயன்பாட்டுப் பெறுமதி 58.

மீளப்பெறத்தக்க தொகை 58. இழப்பு 76 − 58 = 18. இவ்விழப்பு முதலில் நன்மதிப்புக்கு எதிராக எழுதப்படும். ஆகவே நன்மதிப்பு 14 ஆகக் குறையும்.

பதிவு: வரவு இலாபநட்டம் (பெறுமான இழப்பு) 18, செலவு நன்மதிப்பு 18.

மீளப்பெறத்தக்க தொகை 40 ஆக இருந்தால் இழப்பு 36. நன்மதிப்பு 32 முழுவதும் நீங்கி, எஞ்சிய 4 அலகின் ஏனைய சொத்துக்களுக்கு ஏட்டுப் பெறுமதி விகிதத்தில் எழுதப்படும்.

கவனிக்க: நன்மதிப்பின் பெறுமான இழப்பைப் பின்னர் ஒருபோதும் மீளச் சேர்க்க முடியாது. ஏனெனில் அவ்வாறு உயர்வது புதிதாக உள்ளே உருவாக்கிய நன்மதிப்பாகும். உள்ளே உருவாக்கிய நன்மதிப்பைச் சொத்தாகக் காட்ட எந்த நியமமும் அனுமதிப்பதில்லை.

6. நடைமுறையில் நடந்தவை

(i) ஏ.ஓ.எல். மற்றும் டைம் வோனர்

இணைய சேவைக் கம்பனியான ஏ.ஓ.எல்., பத்திரிகையும் தொலைக்காட்சியும் திரைப்படமும் நடத்திய டைம் வோனரை இணைப்பதாக 2000 சனவரியில் அறிவித்தது. 2001 சனவரியில் இணைப்பு நிறைவேறியது. புதிய கம்பனியில் ஏ.ஓ.எல். பங்குதாரருக்கு 55%, டைம் வோனர் பங்குதாரருக்கு 45%. கணக்கீட்டில் ஏ.ஓ.எல். கையேற்றவர். இணையக் கம்பனிகளின் பங்கு விலை உச்சத்தில் இருந்த நேரத்தில் பேசப்பட்ட விலை என்பதால் நன்மதிப்பு 100 பில்லியன் டொலரையும் தாண்டியது.

2002 இல் புதிய நியமம் 142 நடைமுறைக்கு வந்ததும் முதற் சோதனையிலேயே சுமார் 54 பில்லியன் டொலர் இழப்பு எழுதப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் மேலும் சுமார் 45 பில்லியன். 2002 ஆம் ஆண்டின் தேறிய நட்டம் சுமார் 98.7 பில்லியன் டொலர். அதுவரை அமெரிக்கக் கம்பனி எதுவும் அத்தகைய வருடாந்த நட்டத்தைக் காட்டியதில்லை. 2009 இல் ஏ.ஓ.எல். மீண்டும் தனியாகப் பிரிக்கப்பட்டது. 2015 இல் வெரிசொன் கம்பனி அதனைச் சுமார் 4.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

இங்கு மாணவர் விளங்க வேண்டியது: 2002 இல் அந்த 98.7 பில்லியன் காசாக வெளியேறவில்லை. பங்குகளாகக் கொடுத்த மிகையான விலை ஏற்கெனவே போய்விட்டது. போய்விட்டது என்பதை ஏடு ஏற்றுக்கொண்ட ஆண்டுதான் 2002. பழைய விதி தொடர்ந்திருந்தால் அதே தொகை பல ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாகக் கரைந்திருக்கும். வாசிப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்திராது.

(ii) கரிலியன்

பிரித்தானியக் கட்டுமான, சேவைக் கம்பனியான கரிலியன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மௌலம் (2006), அல்பிரட் மெக்கல்பைன் (2008), ஈகா (2011) ஆகிய கம்பனிகளை அது கையேற்றது. 2016 இறுதியில் அதன் நிதிநிலைமைக் கூற்றில் நன்மதிப்பு சுமார் 1.57 பில்லியன் பவுண். தேறிய சொத்தோ சுமார் 730 மில்லியன் பவுண் மாத்திரமே. அதாவது நன்மதிப்பை எடுத்துவிட்டால் தேறிய சொத்து மறைப் பெறுமானம். வாங்கிய பின் நட்டம் கண்ட ஈகாவின் நன்மதிப்பு 329 மில்லியன் பவுணும் குறைக்கப்படாமலே இருந்தது. 2016 ஆம் ஆண்டுக்கென 79 மில்லியன் பவுண் பங்கிலாபமும் அறிவிக்கப்பட்டது.

2018 சனவரி 15 ஆந் திகதி கம்பனி கலைப்புக்குச் சென்றபோது கையில் இருந்த காசு 29 மில்லியன் பவுண். பொறுப்புக்கள் சுமார் 7 பில்லியன். உலகெங்கும் சுமார் 43,000 ஊழியர்களின் வேலை கேள்விக்குறியானது. ஓய்வூதியத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோரும் பாதிக்கப்பட்டனர். பணம் வரும் என்று நம்பி வேலை செய்து கொடுத்த சிறு ஒப்பந்தகாரர்கள் பலர் தெருவுக்கு வந்தனர்.

'நன்மதிப்பு 1.57 பில்லியன்' என்ற ஒரு வரி, கம்பனி திடமானது என்று காட்டும் சுவராக நின்றது. சுவரின் பின்னே காசு இல்லை. கணக்கீட்டுப் பாடம் வெறும் புள்ளிக்கான பாடம் அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

(iii) இலங்கையில்

டி.எப்.சி.சி. வங்கியும் அதன் துணை வங்கியான டி.எப்.சி.சி. வர்தன வங்கியும் 2015 ஒக்டோபர் 1 முதல் ஒன்றாக்கப்பட்டன. இதுவும் இணைப்புத்தான். ஆனால் துணைக் கம்பனி முன்னரே தாயின் கட்டுப்பாட்டில் இருந்தது. கட்டுப்பாடு புதிதாகக் கைமாறவில்லை. ஒரே கட்டுப்பாட்டின் கீழுள்ள நிறுவனங்களின் இணைப்பு எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 3 இன் எல்லைக்கு வெளியே உள்ளது. சட்ட நிலைமை ஒன்று, கணக்கீட்டு நிலைமை வேறொன்று என்பதற்கு இது உள்ளூர் உதாரணம்.

7. சோதனை ஏன் பிந்துகிறது?

இன்றைய முறைக்கு எதிரான பிரதான குற்றச்சாட்டு, இழப்பு 'மிகக் குறைவாகவும் மிகத் தாமதமாகவும்' காட்டப்படுகிறது என்பதாகும். இதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, முகாமையின் நம்பிக்கை. எதிர்காலக் காசுப் பாய்ச்சலை மதிப்பிடுபவர் அந்த வணிகத்தை வாங்கத் தீர்மானித்தவரே. தான் வாங்கியது நட்டம் என எழுத எவருக்கும் மனம் இலகுவில் வராது.

இரண்டாவது, மறைப்பு விளைவு. உதாரணம் 3 இன் அலகை (ஏட்டுப் பெறுமதி 76, மீளப்பெறத்தக்க தொகை 58) 'அ' தனது பழைய அலகொன்றுடன் (ஏட்டுப் பெறுமதி 50, மீளப்பெறத்தக்க தொகை 70) சேர்த்துச் சோதிக்கிறது எனக் கொள்க.

மொத்த ஏட்டுப் பெறுமதி = 126
மொத்த மீளப்பெறத்தக்க தொகை = 128
இழப்பு இல்லை!

18 மில்லியன் இழப்பு எங்கே? பழைய அலகு தன் உழைப்பாற் சேர்த்திருந்த, ஏட்டிற் பதியப்படாத 20 மில்லியனின் நிழலில் அது மறைந்துகொண்டது. விதி மீறப்படவில்லை. ஆயினும் வாங்கிய வணிகம் தோற்றுவிட்டது என்பது பங்குதாரருக்குத் தெரியாது.

அப்படியானால் பழையபடி பதிவழிப்புக்கே திரும்பலாமே? இக்கேள்வி உலகில் இன்னும் ஓயவில்லை. யப்பானிய நியமங்கள் 20 ஆண்டுக்கு மேற்படாத பதிவழிப்பை வைத்துள்ளன. அமெரிக்காவில் தனியார் கம்பனிகள் 2014 முதல் 10 ஆண்டு வரை பதிவழிக்கத் தெரிவு பெற்றன. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்திலும் பதிவழிப்பு உண்டு. பயன்தரு காலத்தை நம்பகமாக மதிப்பிட முடியாவிடின் அது 10 ஆண்டைத் தாண்டக்கூடாது.

பதிவழிப்பை ஆதரிப்போர் முன்மதி எண்ணக்கருவையும் இலகுவையும் காட்டுவர். எதிர்ப்போர், பயன்தரு காலத்தை எவரும் அறிய முடியாது, ஆகவே ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிப்பது தகவல் எதையும் தராது என்பர். சர்வதேச கணக்கீட்டு நியமங்கள் சபை 2022 நவம்பரில் சோதனை முறையையே தொடரத் தீர்மானித்தது. 2024 மார்ச்சில் வெளியிட்ட முன்மொழிவில், முக்கியமான கையேற்றல்களின் நோக்கம் என்ன, அந்நோக்கம் பின்னர் நிறைவேறியதா என்பவற்றைக் கம்பனிகள் வெளிப்படுத்த வேண்டும் என்று கேட்டது. இலக்கம் மட்டும் போதாது, வாங்கும்போது சொன்ன சொல்லுக்கும் கணக்குக் கொடு என்பதே இதன் கருத்து.

8. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

1. ஏட்டுப் பெறுமதியை அப்படியே எடுத்தல். உதாரணம் 2 இல் 60 − (35 × 80%) = 32 என எழுதினால் நியாயப் பெறுமதிச் சீராக்கத்துக்குரிய புள்ளிகள் போய்விடும்.
2. பதியப்படாத வர்த்தகக் குறியை விட்டுவிடுதல். விற்பவரின் ஏட்டில் இல்லாவிடினும் வாங்குபவரின் ஏட்டில் அது தனிச் சொத்தாக வரும்.
3. நிகழத்தக்க பொறுப்பைக் குறிப்பாக மட்டும் காட்டுதல். சாதாரண ஆண்டில் அது சரி. கையேற்றலிலோ, கடந்தகால நிகழ்வால் ஏற்பட்ட கடப்பாடாகி நம்பகமாக அளவிடத்தக்கதாயின், பொறுப்பாகப் பதியப்படும்.
4. கட்டணங்களை நன்மதிப்புடன் கூட்டுதல்.
5. பங்குடைமைக் கணக்கில் படித்த நன்மதிப்புடன் இதைக் குழப்புதல். அங்கு புதிய பங்காளர் சேரும்போது பங்காளரிடையே மதிப்பிட்டுச் சீராக்குகிறோம். இங்கு வெளியாருக்கு உண்மையாகவே கொடுத்த விலையிலிருந்து மிகுதி காண்கிறோம்.

9. பயிற்சி

வினா 1: ஒரு கம்பனி இன்னொன்றின் 75% பங்குகளை ரூபா 90 மில்லியனுக்கு வாங்கியது. தேறிய சொத்தின் நியாயப் பெறுமதி 100 மில்லியன். கட்டணம் 3 மில்லியன். கட்டுப்பாடற்ற உரித்து விகிதசம முறையில் அளவிடப்படுகிறது. நன்மதிப்பு யாது?
விடை: 90 + 25 − 100 = 15 மில்லியன். கட்டணம் 3 மில்லியன் செலவு.

வினா 2: அக்கறைகளை ஒன்றுசேர்க்கும் முறை நீக்கப்பட்டமைக்கு இரு காரணங்கள் தருக.
விடை: (அ) உண்மையிற் கொடுத்த விலை நிதிக்கூற்றுக்களிற் தெரிவதில்லை. (ஆ) ஒத்த கொடுக்கல்வாங்கல்கள் இரு முறைகளிற் காட்டப்படுவதால் கம்பனிகளை ஒப்பிட முடியாது.

வினா 3: நன்மதிப்பின் பெறுமான இழப்பு காசுப்பாய்ச்சலைப் பாதிக்குமா?
விடை: அவ்வாண்டின் காசைப் பாதிக்காது. முன்னர் கொடுத்த மிகை விலையை ஏற்றுக்கொள்ளும் பதிவே அது. ஆனால் பிடித்துவைத்த இலாபம் குறைவதால் பங்கிலாபக் கொள்கையைப் பாதிக்கலாம்.

வினா 4: கரிலியன் கம்பனியின் 2016 நிதிநிலைமைக் கூற்றை வாசிக்கும் கடன்கொடுத்தோர் ஒருவர் முதலில் எதை ஒப்பிட்டிருக்க வேண்டும்?
விடை: நன்மதிப்பையும் மொத்த உரிமையாண்மையையும். நன்மதிப்பு உரிமையாண்மையிலும் பெரிதாயின், கலைப்பின்போது தமக்குக் கிடைக்கத்தக்க சொத்து ஏட்டிற் காண்பதிலும் மிகக் குறைவு என்பதை அறிந்திருப்பார்.

பரீட்சைக்கு முன் செய்ய வேண்டியது: பத்திரிகையிலோ நூலகத்திலோ கிடைக்கும் இலங்கைப் பொதுக் கம்பனி ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்து, ஒன்றிணைந்த நிதிநிலைமைக் கூற்றில் நன்மதிப்பு என்ற வரியைத் தேடுக. அதற்குரிய குறிப்பை வாசித்து, எந்த அலகுக்கு ஒதுக்கப்பட்டது, எந்தக் கழிவு வீதம் பயன்படுத்தப்பட்டது, இழப்பு எழுதப்பட்டதா என மூன்று வரிகளில் எழுதுக. அதன் பின் மேலுள்ள உதாரணம் 2 ஐ விடையைப் பாராமல் இரு வழிகளிலும் ஒருமுறை செய்து பார்க்க.